இரண்டு பெட்டிகளும் ஒரு தவறான அளவுகோலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சிந்தனைச் சோதனைகளைப் பற்றி வந்த கட்டுரை, நியூகோம்ப் புதிரை இதற்குமுன் கேள்விப்படாதவருக்கும் விளங்கும்படி சொல்லியிருந்தது. அதற்குப் பாராட்டு. ஆனால் கட்டுரை எதன்மேல் நிற்கிறதோ அந்த வாக்கியத்தோடு எங்களுக்கு வழக்கு இருக்கிறது. பின்னால் எதை நினைத்து வருந்த மாட்டோமோ அதுவே அறிவுள்ள தேர்வு என்கிறார் கட்டுரையாளர். யாரும் மறுக்கத் தயங்கும் அறிவுரை இது. கணக்குப் போட்டுப் பார்த்தாலோ, அவர் சொல்லவந்த முடிவுக்கு நேர் எதிரான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. வேறு சில புதிர்களில் எந்த முடிவுக்கும் வரவிடுவதில்லை. எதைத் தேர்வது அறிவுள்ளது என்று ஆராயும் தீர்மானக் கோட்பாட்டைப் பாடமாக நடத்துகிறவர்கள் நாங்கள். வகுப்பில் அடிக்கடி தலைகாட்டும் குழப்பம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

புதிரை மறுபடி ஒருமுறை வைத்துவிடுகிறோம். கண்ணாடிப் பெட்டியில் 1,000 டாலர் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. மூடிய பெட்டியில் 10 லட்சம் டாலர் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம். மூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்தும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் முன்பே கணித்து, அதற்கேற்பப் பெட்டியை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். மூடியதை மட்டும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் பணம் வைத்திருப்பார். இரண்டையும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் வைத்திருக்க மாட்டார். மூடியதை மட்டும் எடுப்பதே சரி என்பது கட்டுரையின் தீர்ப்பு. இதை 1960 வாக்கில் யோசித்தவர் வில்லியம் நியூகோம்ப் என்ற இயற்பியலாளர். ராபர்ட் நோஸிக் 1969-இல் எழுதிய கட்டுரையால் தத்துவ உலகுக்குள் வந்தது. 1973-இல் மார்ட்டின் கார்ட்னரின் இதழ்ப் பத்தி வழியாகப் பொதுவாசகர்களிடம் பரவியது. சண்டை இன்னும் ஓயவில்லை. 2020-இல் தத்துவத் துறையினரிடம் எடுத்த கணக்கெடுப்பில் இரண்டு பெட்டி என்றவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காடு, ஒன்று என்றவர்கள் ஏறத்தாழ 31 விழுக்காடு. ஒரு பெட்டிதான் சரி என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகக் கட்டுரை தரும் தோற்றம் சரியில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கணிப்பவர் தவறே செய்யாதவராக இருந்தால்தான் புதிருக்கு உயிர் உண்டு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவ்வளவு தேவையில்லை. கணிப்பு பலிக்கும் வாய்ப்பை 'ப' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு வகையினரிடமும் அது ஒன்றுபோல் என்றும் கொள்ளுங்கள். ஒரு பெட்டி எடுப்பவரின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது சராசரியாகக் கிடைப்பது, 10 லட்சத்தை ப-ஆல் பெருக்கினால் வருவது. இரண்டும் எடுப்பவருக்கு, 10 லட்சத்தை (1 − ப)-ஆல் பெருக்கி 1,000 கூட்ட வேண்டும். இவை சமமாகும் இடம் ப = 0.5005. நாணயத்தைச் சுண்டிக் கணிக்கிறவரைவிட 2,000-இல் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிந்தவர் இருந்தாலே புதிர் தொடங்கிவிடும். 90 விழுக்காடு பலிக்கும் என்றால் ஒரு பெட்டிக்காரரின் சராசரி 9,00,000 டாலர், இரண்டு பெட்டிக்காரரின் சராசரி 1,01,000 டாலர்.

இப்படிக் கணக்கிடுவதைச் சான்றுவழிக் கோட்பாடு என்கிறோம். என் தேர்வே பெட்டிக்குள் இருப்பதற்கு ஒரு சான்று என்று அது எடுத்துக்கொள்கிறது. 1978-இல் ஆலன் கிப்பார்டும் வில்லியம் ஹார்ப்பரும், 1981-இல் டேவிட் லூயிஸும் விரித்துச் சொன்ன காரணவழிக் கோட்பாடு வேறு விதமாகக் கேட்கிறது: என் கை எதை மாற்ற முடியும்? பெட்டி மூடியாகிவிட்டது. உள்ளே பணம் இருக்கும் வாய்ப்பு எவ்வளவாக இருந்தாலும், இரண்டையும் எடுத்தால் 1,000 கூடும்.

இந்த இடத்தில்தான் கட்டுரையாளர் வருத்தத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். இரண்டையும் எடுத்து வெறும் 1,000 டாலரோடு வெளியே வருபவர் வருந்துவார், ஆகவே அவர் தேர்ந்தது தவறு என்கிறார். சரி, அவர் எதை நினைத்து வருந்துகிறார்? மூடிய பெட்டி வெறுமையாக இருந்தது. அதை மட்டும் எடுத்திருந்தால் ஒரு டாலர்கூடக் கிடைத்திருக்காது. தன் முன்னால் இருந்த இரண்டு வழிகளில் கூடுதலாகத் தருவதைத்தான் அவர் எடுத்திருக்கிறார். மறுபக்கம், 10 லட்சத்தோடு வெளியே வரும் ஒரு பெட்டிக்காரருக்குக் கணக்கின்படி வருத்தம் உண்டு: மேசைமேல் இருந்த 1,000 டாலரை எடுக்காமல் வந்துவிட்டார். யாரும் அதற்காகக் கண்ணீர் விடப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அட்டவணையாகப் போட்டால் இன்னும் தெளிவாகும். வருத்தத்தைக் கணக்கிடும் முறையை 1951-இல் புள்ளியியலாளர் லியோனார்டு சாவேஜ் வகுத்துத் தந்தார். வரிசைதோறும் (குறுக்கே) ஒரு தேர்வு, பத்திதோறும் (மேலிருந்து கீழாக) உலகம் இருக்கக்கூடிய ஒரு நிலை. கட்டங்களில் கிடைக்கும் பலனை நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அந்தப் பத்தியின் ஒவ்வொரு எண்ணையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் வருத்தம். வரிசைக்குள் கழிப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் கிடைப்பது அதிர்ஷ்டத்தின் அளவு. ஒரே நிலையில் வேறு எதைச் செய்திருக்கலாம் என்பதுதான் கேள்வி, ஆகவே பத்திக்குள்தான் கழிக்க வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு தேர்வுக்கும் வரக்கூடிய மிகப் பெரிய வருத்தத்தைக் குறித்துக்கொண்டு, அவற்றில் சிறியது எதுவோ அதைத் தேர்வது சாவேஜின் விதி.

நியூகோம்பில் 'பெட்டி நிரம்பியது' என்ற பத்தியில் ஒன்று எடுத்தால் 10,00,000, இரண்டு எடுத்தால் 10,01,000. 'பெட்டி வெறுமை' என்ற பத்தியில் முறையே 0, 1,000. கழித்தால் ஒரு பெட்டியின் வருத்தம் இரண்டு நிலைகளிலும் 1,000. இரண்டு பெட்டியின் வருத்தம் இரண்டு நிலைகளிலும் 0. வருத்தத்தை அளவுகோலாக வைத்தவர் இரண்டு பெட்டிகளையும் எடுத்தாக வேண்டும். கட்டுரையின் அளவுகோல் கட்டுரையின் தீர்ப்பையே கவிழ்த்துவிடுகிறது.

அப்படியானால் இரண்டு பெட்டிக்காரரின் மனதை அரிப்பது எது? பக்கத்தில் இருப்பவர் 10 லட்சம் கொண்டுபோகிறார், தான் கொண்டுபோகவில்லை. இது ஏக்கம், பொறாமை என்றுகூடச் சொல்லலாம். அந்த 10 லட்சம் இவர் முன்னால் இருந்த எந்தத் தேர்விலும் கிடைக்காது. லூயிஸ் 1981-இல் சொன்ன பதிலின் சாரமும் இதுவே: அந்தப் பணத்தைப் பெறுவதற்கான தேர்வு எங்களுக்குத் தரப்படவே இல்லை. அந்தப் பதிலை ஏற்கலாம், ஏற்காமல் இருக்கலாம். ஒரு பெட்டிக்கு வலுவான வாதங்கள் இருக்கின்றன, நாங்களும் அவற்றை மதிக்கிறோம். வருத்தம் என்ற வாதம் மட்டும் அவற்றில் சேராது.

இதில் உண்மையில் வேலை செய்வது காலம். எண்ணித் துணியும் நேரமும் துணிந்தபின் எண்ணும் நேரமும் வேறு என்பது பழைய பேச்சு. இந்தப் புதிரில் மூன்றாவது நேரம் ஒன்றும் இருக்கிறது, அது கணிப்பு நடப்பதற்கு முந்தைய நேரம். அப்போது உங்களிடம் ஒரு மாத்திரையைத் தருகிறார்கள்; விழுங்கினால் ஒரு பெட்டி மட்டும் எடுக்கிறவராக மாறிவிடுவீர்கள் என்று வையுங்கள். காரணவழிக் கோட்பாடே 'விழுங்கு' என்று சொல்லும், ஏனென்றால் இந்த முறை உங்கள் செயல் கணிப்பை மாற்றும். கணிப்பவர் ஒருபோதும் தவறாதவர் என்றால் அந்த மாத்திரைக்கு 9,99,000 டாலர் வரை விலை தரலாம். 90 விழுக்காட்டுக்காரர் என்றால் 7,99,000 டாலர் வரை. பெட்டி மூடிய பிறகு அதே மாத்திரையைத் தந்தால் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது என்று அதே கோட்பாடு சொல்லும். 1,000 டாலரோடு வெளியே வருபவர் 'நான் வேறு மாதிரி ஆளாக இருந்திருக்கலாமே' என்று நினைத்தால், அது கணிப்புக்கு முந்தைய நேரத்தைப் பற்றிய வருத்தம். அதைப் பெட்டியை எடுக்கும் நேரத்தின் செயல்மீது சுமத்துவதுதான் கட்டுரையில் நடந்திருக்கும் பிழை.

டெரெக் பார்ஃபிட் 1984-இல் எழுதிய பாலைவனப் புதிரிலும் இதே அமைப்பு. வண்டி பழுதாகிப் பாலைவனத்தில் சிக்கிக்கொண்டவரிடம் கையில் காசில்லை. அவ்வழியே வந்த ஒரு வண்டிக்காரரிடம் 'ஊர் சேர்ந்ததும் பணம் தருகிறேன்' என்கிறார். பொய் சொல்லத் தெரியாத முகம் அவருடையது. வண்டிக்காரர் அதைப் படித்துவிடுவார். ஊர் சேர்ந்த பிறகு பணம் தருவதால் சிக்கியிருந்தவருக்கு இனி எந்தப் பலனும் இல்லை, ஆகவே அந்த நேரத்து அட்டவணையில் தராமல் போவதுதான் வருத்தம் இல்லாத செயல். ஆனால் அப்படிச் செய்யப் போகிறவரை வண்டிக்காரர் ஏற்றியே இருக்க மாட்டார். எந்த நேரத்தில் நின்று வருத்தத்தை அளக்கிறோம் என்று சொல்லாமல் 'வருந்தாததைத் தேர்ந்தெடு' என்றால், அந்த விதி பாதி எழுதப்பட்ட விதி.

பெட்டிகளை விட்டுவிடுவோம். கணிப்பவர் யாரும் இல்லாத சாதாரணத் தேர்வுகளில் வருத்த விதி பயன்படாதா? ஓரளவு பயன்படும். நிகழ்தகவு எதுவும் தெரியாமல், நிலைகளின் பட்டியல் மட்டும் தெரிந்திருக்கும்போது, மிக மோசமானதை மட்டும் பார்க்கும் விதியைவிட இது குறைவாக மிரளும். ஆனால் இதற்கென்று ஒரு நோய் உண்டு. இரண்டு முதலீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. சந்தை இறங்கினால் முதல் திட்டம் 0 தரும், ஏறினால் 10 தரும். இரண்டாவது திட்டம் இறங்கினால் 6, ஏறினால் 5. இறங்கும் பத்தியில் பெரிய எண் 6, ஏறும் பத்தியில் 10. முதல் திட்டத்தின் வருத்தங்கள் 6, 0. இரண்டாவதன் வருத்தங்கள் 0, 5. பெரிய வருத்தம் 6-ஆ 5-ஆ என்று பார்த்து இரண்டாவதைத் தேர்வோம். இப்போது ஒருவர் மூன்றாவது திட்டம் ஒன்றை நீட்டுகிறார்: இறங்கினால் 10 நட்டம், ஏறினால் 13 வரவு. ஏறும் பத்தியின் பெரிய எண் இப்போது 13 ஆகிவிட்டது. முதல் திட்டத்தின் வருத்தங்கள் 6, 3. இரண்டாவதற்கு 0, 8. மூன்றாவதற்கு 16, 0. மூன்றாவதை யாரும் தொடப் போவதில்லை. ஆனால் அது மேசைக்கு வந்ததாலேயே தேர்வு இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் தாவிவிடுகிறது. ஹெர்மன் செர்னாஃப் 1954-இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். விற்பனைக்காரருக்கு இது வரம்: யாரும் வாங்காத ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்தே உங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திவிடலாம். வருத்த விதியைப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது, உண்மையிலேயே எடுக்கக்கூடிய தேர்வுகளை மட்டும் அட்டவணைக்குள் விட்டுவிட்டு மற்றவற்றை வெளியே நிறுத்துவது. எது உண்மையான தேர்வு என்பதை விதி சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கலும் இருக்கிறது. 1982-இல் கிரஹாம் லூம்ஸும் ராபர்ட் சக்டனும் ஒரு பக்கம், டேவிட் பெல் இன்னொரு பக்கம், வருத்தத்தை நிகழ்தகவோடு சேர்த்து ஒரு கோட்பாடாக்கினார்கள். சிறு வித்தியாசங்கள் சில சேர்ந்து உறுத்துவதைவிட ஒரு பெரிய வித்தியாசம் கூடுதலாக உறுத்தும் என்பது அதன் மையம். இதைச் சோதிக்க, சமவாய்ப்புள்ள மூன்று நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'அ' என்ற சீட்டு அந்த மூன்று நிலைகளிலும் 10, 20, 30 தருகிறது. 'ஆ' 20, 30, 10 தருகிறது. 'இ' 30, 10, 20 தருகிறது. மூன்றுக்கும் சராசரி 20. வாய்ப்பைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றே. இப்போது இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். உறுத்தலை வித்தியாசத்தின் வர்க்கமாக அளந்தால், அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே இரண்டு நிலைகளில் அ 10 பின்தங்குகிறது, ஒரு நிலையில் 20 முந்துகிறது. 100-ம் 100-ம் சேர்ந்து 200; எதிர்ப்பக்கம் 400. ஆகவே ஆ-வைவிட அ மேல். இதே கணக்கில் இ-யைவிட ஆ மேல், அ-வைவிட இ மேல். வட்டம் முழுமையாகிவிட்டது.

இதன் விலை எவ்வளவு என்று பார்க்கலாம். கையில் 'ஆ' வைத்திருப்பவரிடம், ஒன்று கொடுத்தால் 'அ' தருகிறேன் என்கிறோம். கட்டணத்தைச் சேர்த்தால் வித்தியாசங்கள் −11, −11, +19. வர்க்கங்கள் ஒரு பக்கம் 242, மறுபக்கம் 361. மாற்றிக்கொள்வார். அடுத்து இன்னொன்று வாங்கிக்கொண்டு 'இ' தருகிறோம், அதற்கடுத்து இன்னொன்று வாங்கிக்கொண்டு 'ஆ' தருகிறோம். தொடங்கிய சீட்டே கையில் இருக்கிறது, மூன்று போய்விட்டது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். லூம்ஸும் சக்டனும் இதை அறியாதவர்கள் இல்லை. எதை விட்டுவிட்டோம் என்பதைப் பொறுத்து ஒரு சீட்டின் மதிப்பு மாறுவதில் அறிவீனம் எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். மனிதர்கள் எப்படித் தேர்கிறார்கள் என்று விவரிக்க அந்தக் கோட்பாடு உதவும் என்பதை நாங்கள் ஏற்கிறோம். எப்படித் தேரவேண்டும் என்பதற்கு அதையே சட்டமாக்கினால் பை காலியாகும்.

அலே புதிரைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்பது பாதிதான் சரி. மொரிஸ் அலே 1953-இல் வெளியிட்ட இரட்டைக் கேள்வியை எளிய எண்களில் இப்படிச் சொல்லலாம். முதல் கேள்வி: உறுதியாக 10 லட்சம் வேண்டுமா, அல்லது 10 விழுக்காடு வாய்ப்பில் 50 லட்சம், 89 விழுக்காடு வாய்ப்பில் 10 லட்சம், 1 விழுக்காடு வாய்ப்பில் ஒன்றுமில்லை என்ற சீட்டு வேண்டுமா? இரண்டாம் கேள்வி: 11 விழுக்காடு வாய்ப்பில் 10 லட்சமா, 10 விழுக்காடு வாய்ப்பில் 50 லட்சமா? முதலாவதில் உறுதியானதையும் இரண்டாவதில் 50 லட்சத்தையும் தேர்பவர்கள் நிறைய. ஒவ்வொரு பலனின் பயனையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டிப் பார்க்கும் எதிர்பார்ப்புப் பயன் கோட்பாட்டுக்கு இப்படிச் சேர்த்துத் தேர்வது ஒத்துவராது. வருத்தம்தான் இதை விளக்குகிறது என்கிறார் கட்டுரையாளர். உறுதியான 10 லட்சத்தை விட்டுவிட்டு ஒன்றுமில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்ற அச்சம் முதல் கேள்வியில் மட்டும் பெரிதாக இருக்குமாம்.

சாவேஜ் இதை 100 சீட்டுகளாகப் பிரித்துப் பார்த்தார். முதல் கேள்வியில் உறுதியான பக்கத்துக்கு எல்லாச் சீட்டிலும் 10 லட்சம். மறுபக்கத்துக்கு 1-ஆம் சீட்டில் ஒன்றுமில்லை, 2 முதல் 11 வரை 50 லட்சம், 12 முதல் 100 வரை 10 லட்சம். இரண்டாம் கேள்வியில் ஒரு பக்கத்துக்கு 1 முதல் 11 வரை 10 லட்சம். மறுபக்கத்துக்கு 1-இல் ஒன்றுமில்லை, 2 முதல் 11 வரை 50 லட்சம். 12 முதல் 100 வரை இரு பக்கத்துக்கும் ஒன்றுமில்லை. சீட்டு சீட்டாக வருத்தத்தைக் கழித்துப் பாருங்கள். இரண்டு கேள்விகளிலும் 1-ஆம் சீட்டில் 10 லட்சம் வருத்தம், 2 முதல் 11 வரை எதிர்ப்பக்கம் 40 லட்சம் வருத்தம், மற்ற 89 சீட்டுகளில் எதுவும் இல்லை. அட்டவணை அச்சு மாறாமல் ஒன்றே. ஒரே குடுவையிலிருந்து எடுக்கும் ஒரே சீட்டு இரண்டு பக்கத்தையும் தீர்மானிக்கும் என்றால், விட்டுவிட்ட தேர்வை நினைத்து வரும் வருத்தம் இந்த முரணை விளக்காது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுத்தால் மட்டுமே விளக்கும். பரிசுச் சீட்டை எப்படிக் குலுக்குகிறார்கள் என்று சொல்லாமல் 'வருத்தம் காரணம்' என்று எழுதுவது, அளவு சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதித் தருவதைப் போன்றது. சாவேஜே முதலில் பெரும்பாலோரைப் போலத்தான் பதில் சொன்னார். இந்த அட்டவணையைப் போட்ட பிறகு இரண்டாம் கேள்விக்கான தன் பதிலை மாற்றிக்கொண்டார் என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது.

மனதில் எழும் வருத்தமும் அட்டவணை வருத்தமும் ஒன்றல்ல என்பதற்கு டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1982-இல் தந்த எடுத்துக்காட்டு போதும். ஒருவர் ஒரு நிறுவனப் பங்கை வைத்திருந்தார். வேறொன்றுக்கு மாறலாமா என்று யோசித்து மாறாமல் இருந்துவிட்டார். மாறியிருந்தால் 1,200 டாலர் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இன்னொருவர் அந்த நல்ல பங்கையே வைத்திருந்து, விற்றுவிட்டு இதற்கு மாறினார். மாறாமல் இருந்திருந்தால் அவருக்கும் 1,200 டாலர் கூடுதல். அட்டவணையில் இருவருக்கும் வருத்தம் 1,200. யார் கூடுதலாக வருந்துவார் என்று கேட்டதற்கு 92 விழுக்காட்டினர் மாறியவரைச் சொன்னார்கள். மனதின் அளவுகோல் இழப்போடு சேர்த்து 'கையை வைத்தது யார்' என்பதையும் எடைபோடுகிறது. அந்த அளவுகோலைப் பிடித்துத் தேர்பவர் எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்துவிடும் பக்கம் சாய்வார்.

இதுவரை சொன்னதெல்லாம் காரணவழிக் கோட்பாட்டுக்காரர்கள் மார்தட்டிக்கொள்ளும்படி இருக்கிறது. ஆகவே அவர்களைத் தலைகுனிய வைக்கும் புதிரையும் சொல்லிவிட வேண்டும். கிப்பார்டும் ஹார்ப்பரும் தங்கள் 1978 கட்டுரையிலேயே அதை வைத்தார்கள். டமாஸ்கஸில் ஒருவர் காலனைச் சந்திக்கிறார். 'நாளை உன்னை அழைத்துப்போக வருவேன்' என்கிறான் காலன். எந்த ஊரில் என்பது அவனுடைய குறிப்பேட்டில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியது இவர் எங்கே இருப்பார் என்ற கணிப்பைப் பார்த்து. டமாஸ்கஸிலேயே இருக்கலாம், அலெப்போவுக்கு ஓடலாம். காலன் இல்லாத ஊரில் இருந்தால் உயிர் பிழைக்கும்.

உயிரின் மதிப்பை 1,000 என்றும், அலெப்போ பயணத்தின் செலவை 100 என்றும், கணிப்பு 99 விழுக்காடு பலிக்கும் என்றும் வைப்போம். 'அலெப்போதான்' என்று மனம் துணிந்தவுடன், காலன் அலெப்போவில் இருக்கும் வாய்ப்பு 0.99 ஆகிறது. அந்தக் கணத்தில் டமாஸ்கஸின் மதிப்பு 990, அலெப்போவின் மதிப்பு −90. திரும்பிவிடத் தோன்றும். 'சரி, டமாஸ்கஸ்' என்று மாற்றினால் காலனும் அங்கே இருப்பான். டமாஸ்கஸின் மதிப்பு 10, அலெப்போவின் மதிப்பு 890. மறுபடி ஓடத் தோன்றும். எதைத் தேர்ந்தாலும், செயலுக்கு முன்பே, முடிவு தெரிவதற்கு முன்பே வருத்தம் வந்துவிடுகிறது. வருந்தாத தேர்வு என்று ஒன்று இந்தப் புதிரில் இல்லவே இல்லை. கட்டுரையின் விதிப்படி நடப்பவர் வாசற்படியிலேயே நிற்பார்.

காரணவழிக் கோட்பாட்டுக்காரர்கள் கண்ட வழி, இரண்டு ஊரும் சமமாகத் தெரியும் புள்ளிவரை யோசித்துக்கொண்டே போவது. காலன் அலெப்போவில் இருப்பான் என்ற நம்பிக்கை 0.45 ஆகும்போது டமாஸ்கஸின் மதிப்பு 450. அலெப்போவின் மதிப்பு 550-லிருந்து 100 போக அதே 450. அந்தப் புள்ளியில் நின்று எதையாவது தேர்ந்துகொள் என்கிறார்கள். நேர்த்தியான விடை. ஆனால் ஆரிஃப் அகமது 2014-இல் இதற்குள் ஓர் ஆப்பைச் செருகினார். காலனால் கணிக்க முடியாத ஒரு நாணயம் விற்பனைக்கு வருகிறது. தலை விழுந்தால் ஓர் ஊர், பூ விழுந்தால் மற்ற ஊர். அதன்படி நடந்தால் பிழைக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. பாதி வாய்ப்பில் பயணச் செலவைக் கழித்தால் மதிப்பு 450. சமப் புள்ளியில் நிற்பவருக்கு இரண்டு ஊர்களுமே 450 என்று தெரிவதால், நாணயத்துக்கு ஒரு காசுகூடத் தர மாட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கோ, தானே தேர்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் பிழைக்கிறார், நாணயத்தின்படி நடந்தவர்களில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள் என்பது கண்கூடு. அவர் கணக்கில் டமாஸ்கஸின் மதிப்பு 10 மட்டுமே, ஆகவே அந்த நாணயத்துக்கு 440 வரை தரலாம். இதற்கு எங்களிடம் முழுத் திருப்தி தரும் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்பவர்களின் கணக்கை நாங்கள் வரிவரியாகப் பார்க்க விரும்புவோம்.

கட்டுரைத் தொடர் அடுத்த வாரமும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு புதிரோடும் பலன் அட்டவணையை அச்சிடுங்கள். எந்த நிலைகள் தேர்பவரின் கையில் இல்லை, கணிப்பு எப்போது நடந்தது, வருத்தத்தை எந்த நேரத்தில் அளக்கிறார்கள், இரண்டு சீட்டுகளுக்கும் குலுக்கல் ஒன்றா வேறா என்ற நான்கும் அதில் இருக்கட்டும். இடம் போதாதென்றால் படத்தை எடுத்துவிடலாம். நியூகோம்ப் புதிருக்குக் கண்ணாடிப் பெட்டியின் வண்ணப் படம் தேவைப்படவில்லை. மேலும், கணிப்பவர் 'தவறே செய்யாதவர்' என்று அச்சான இடத்தில் 0.5005 என்ற எண்ணைத் திருத்தமாக வெளியிட்டால், அந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தீர்மானக் கோட்பாடு நடத்தும் ஆசிரியர்கள் சிலர்